பதிவேட்டில் இல்லாத ஷைலா

பொள்ளாச்சியில் நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோரும் லின்சியிடம் போயாக வேண்டும். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்குதுங்களா, முன்ன போட்டதுலீங்களா?" என்று அலுக்காமல் கேட்பாள். படிக்கத் தெரியாதவர்களை எப்படியோ முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அவர்கள் கூச்சப்படும் முன்பே படம் போட்ட பலகையைத் திருப்பி வைத்துவிடுவாள்.

நான் முன்மேசையில் டோக்கன் கொடுக்கிறவள். என் பெயர் வெங்கடலட்சுமி. பதினோரு வருடமாக நாங்கள் ஒன்றாக வேலை பார்க்கிறோம். அவள் பேச்சை வைத்து ஆனைமலைப் பக்கத்துப் பெண் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். மாதத்தில் சில நாட்கள் மட்டும் தாமதமாக வருவாள். ஒருநாள் ஏன் என்று கேட்டபோது, "முகாம்ல தணிக்கைங்க்கா. நேர்ல நின்னு கையெழுத்துப் போடோணும்" என்றாள். அப்போதுதான் அவள் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நாலு வயதில் வந்தவள். இப்போது நாற்பது ஆகிறது. இங்கேதான் படித்தாள், இங்கேதான் முகாமிலேயே இருந்த பெயிண்டர் ஜோஸைக் கட்டினாள். ஒரு மகள், பன்னிரண்டாவது படிக்கிறாள். ஆனால் பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் படகில் வந்தவர்கள் என்பதால், சட்டத்தின் கண்ணில் அவள் இன்னமும் அத்துமீறி நுழைந்தவள்தான். நாலு வயதில் எப்படி அத்துமீறுவது என்று நான் கேட்டதற்குச் சிரித்தாள்.

அவள் பெயர் லின்சி இல்லை என்பதை அதற்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். மதியச் சாப்பாட்டின்போது, டப்பாவை மூடிக்கொண்டே, "என்ற பேரு ஷைலாங்க்கா" என்றாள்.

நடந்தது இதுதான். தொண்ணூறாம் வருடம் மன்னார் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றில் ஷெல் விழுந்து அவள் அம்மா இறந்துபோனாள். அப்பா ஞானாபரணம் அப்போது தெற்கே வேறொரு கரையில் தொழிலுக்குப் போயிருந்தார். பாதைகளை அடைத்துவிட்டதால் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. தனியே நின்ற குழந்தையைப் பக்கத்து வீட்டு சூசைமேரி தூக்கிக்கொண்டாள். சூசைமேரிக்கும் அதே வயதில் லின்சி என்று ஒரு மகள் இருந்தாள். சனங்கள் தஞ்சம் புகுந்திருந்த கோவில் வளாகத்தில், காய்ச்சலும் பேதியும் கண்டு அந்தப் பிள்ளை செத்துப்போயிற்று. பத்து நாள் கழித்து சூசைமேரியும் அவள் கணவரும் படகேறினார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு.

கரையிறங்கிய இடத்தில் பெயர் பதிந்தார்கள். பெற்றவர்கள் இல்லாத குழந்தைகளைத் தனியே பிரித்து இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வரிசையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சூசைமேரியின் பையில் செத்த மகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதை நீட்டி, "இவள் என்ர மகள் லின்சி" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஷைலா லின்சி ஆனாள்.

இரண்டு மாதம் கழித்து ஊர் திரும்பிய ஞானாபரணத்திடம், சனம் முழுக்க இந்தியாவுக்குப் போய்விட்டது என்றார்கள். பாதிரியார்களைப் பிடித்துத் தமிழ்நாட்டு முகாம்களுக்குக் கடிதம் எழுதினார். ஷைலா, தகப்பன் பெயர் ஞானாபரணம், வயது நான்கு. பட்டியலைப் பார்த்தவர்கள் அப்படி ஒரு குழந்தை இல்லை என்று பதில் எழுதினார்கள். பட்டியலில் இல்லைதான். கடலில் போயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் ஊருக்குத் திரும்பி வருகிறவர்களிடம் கேட்பதை மட்டும் விடவில்லை. சூசைமேரி இங்கே இறந்து ஆறு வருடமான பிறகு, முகாமிலிருந்து மன்னாருக்குத் திரும்பிய, சூசைமேரிக்கு நெருக்கமான ஒரு பெண், ஷைலாதான் லின்சி என்ற விஷயத்தைக் கோவில் வாசலில் அவரிடம் சொன்னாள். மறுநாளே லின்சிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"முதல் பத்து நிமிசம் ரெண்டு பேருமே பேசுலீங்க்கா. மூச்சு மட்டுந்தான் கேட்டுது" என்றாள் லின்சி.

இவளால் அங்கே போக முடியாது. வெளியேறும் அனுமதி வாங்கிப் போனால் ஒரேயடியாகப் போக வேண்டியதுதான், திரும்பி வர வழியில்லை. இங்கே மகள் படிக்கிறாள், ஜோஸ் இருக்கிறான். அதனால் எழுபத்து நாலு வயதில் ஞானாபரணமே பாஸ்போர்ட் எடுத்தார். சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தார். இந்தியாவில் தெரிந்தவர் யார் என்ற கட்டத்தில் லின்சி என்று எழுதினார். உறவு என்ற இடத்தில், மருமகன் முறையுள்ள ஒருவன் சொன்னபடி, நண்பர் என்று போட்டார். மகள் என்று போட்டால் லின்சியின் காகிதத்தோடு இடிக்கும்.

போன ஜனவரியில் வந்தார். திருச்சியில் விமானம் இறங்கி, தாராபுரம் வழியாக பஸ் பிடித்து வந்தவரைக் கூப்பிட நானும் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சின்னப் பெட்டி. லின்சி பக்கத்தில் போய் நின்றாள். அவர் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"கொம்மான்ர நெத்தி" என்றார், அவள் அம்மாவை நினைத்து. "அப்பிடியே இருக்கு, பிள்ளை."

லின்சி பெட்டியை வாங்கிக்கொண்டாள். பஸ்களின் சத்தத்தில் இரண்டு பேரும் அழுததை ஒருவரும் கவனிக்கவில்லை.

எங்கே தங்குவது என்பதுதான் அடுத்த சிக்கல். வெளியாள் முகாமில் இரவு தங்கக் கூடாது. எங்கள் வீட்டு மாடி காலியாகத்தான் கிடந்தது. நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். "வெளிநாட்டுக்காரர வெச்சா போலீசுக்கு எழுதிக் குடுக்கோணும். யாரு, என்ன உறவுன்னு கேப்பாங்க. நாம என்னன்னு சொல்றது? எதுக்கு அம்மணி வம்பு?" என்றார். மறுநாள் லின்சியிடம், மாடியில் தண்ணீர் வருவதில்லை என்று பொய் சொன்னேன். அவள் நம்பியது போலவே தலையாட்டினாள். ஞானாபரணம் ஒரு லாட்ஜில் தங்கினார். காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து, கண் காட்ட வந்தவர்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து, மகள் வேலை செய்வதைச் சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அவருக்கே கண் சோதனை செய்தாள். இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. "இஞ்சயே ஆப்பரேசன் செய்யலாமோ?" என்று கேட்டார். மருத்துவ விசாவில் வந்தால்தான் முடியும் என்றார் டாக்டர். ஒரு வில்லையை மாற்றிப் போட்டு, "இப்பத் தெரியுதுங்களாப்பா?" என்று லின்சி கேட்டாள். "உன்னைத் தெரியுது, காணும்" என்றார் அவர். போதும் என்பதற்கு அவர்கள் ஊரில் காணும் என்பார்கள்.

பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் அவர் ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தார். ஷைலாவின் பிறப்புச் சான்றிதழ். "உன்ர பேரை நீ எடு, பிள்ளை. அது போதும் எனக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முகாமில் அப்போது எல்லோருடைய விவரங்களையும் மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான், 2015-க்கு முன்னால் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்கள் மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இராது என்று டெல்லியிலிருந்து ஆணை வந்திருந்தது. குடியுரிமை இல்லை. துரத்த மாட்டோம் என்கிற அளவுதான். அதற்கே முகாமில் இனிப்புக் கொடுத்தார்கள். இதுதான் சமயம், பெயரைச் சரிசெய்துவிடலாம் என்று லின்சி நினைத்தாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

சரிபார்ப்பு நடந்த அலுவலகத்தில் இருந்த அதிகாரி சாஜிதா பேகம். ஐம்பது வயதிருக்கும். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மணி, இந்தக் காகிதத்த நான் பாக்குல. உள்ள வைங்க."

"ஏனுங்க மேடம்?"

"நீங்க சொன்னத நான் எழுதுனேன்னு வைங்க. தொண்ணூறுல லின்சின்னு பதிஞ்சது பொய்னு ஆகும். ஷைலாங்கறவங்க பதியவே இல்லீன்னு ஆகும். பதியாதவங்களுக்கு இந்த ஆணையே இல்லீங்க. முப்பத்தஞ்சு வருசமா வேறொருத்தர் பேருல ரேஷன் வாங்குனீங்க, படிச்சீங்கன்னு அது ஒரு கேசு. அப்பறம் உங்க புள்ள? அவ காகிதம் பூரா லின்சி மகள்னுதானுங்களே இருக்குது?"

லின்சி பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். "டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா ஆகாதுங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"அப்பான்னு நிரூபிக்கலாமுங்க. அதுல எனக்கும் சந்தேகமில்ல. ஆனா அவரு இலங்கைக்காரரு. அவரு மகள்னு நிரூபிச்சா இவங்களும் பதியாம வந்த இலங்கைக்காரங்கன்னு ஆகுமே தவிர வேறென்னங்க ஆகும்? கோர்ட்டுக்குப் போலாம். எத்தன வருசமாகும்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் எங்க இருப்பீங்க?" சாஜிதா பேகம் குரலைத் தாழ்த்தினார். "சட்டம் மாறுனா நானே கூப்பிட்டுச் சொல்றேன். இப்ப இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க கண்ணு."

சரிபார்ப்புப் படிவத்தில், நான் லின்சி, சூசைமேரியின் மகள் என்று அச்சாகியிருந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

லாட்ஜுக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். ஞானாபரணம் சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "சூசைமேரியைக் குறை சொல்ல ஏலாது. அவ பெத்த பிள்ளையிட பேரைக் குடுத்தெல்லோ என்ர பிள்ளையைக் காப்பாத்தினவ" என்றார். அதற்கப்புறம் பெயரைப் பற்றி அவர் பேசவே இல்லை. விசாவில் முப்பது நாள் இருந்தது. இருபத்தேழாம் நாளே கிளம்பிவிட்டார். லின்சிக்கு அன்றைக்குத் தணிக்கை. திருச்சி வரைக்கும் போய் வழியனுப்ப அவளால் முடியவில்லை. ஜோஸ்தான் பஸ் ஏற்றிவிட்டான்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் இறந்துபோனதாகப் போன் வந்தது. நெஞ்சுவலி. மறுநாளே அடக்கம். லின்சி என்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல் நேரே மேலாளர் உதயிடம் லீவு கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அப்பா தவறிட்டாருங்க சார்."

உதய் நல்ல பையன். பதறிப்போய் எழுந்து நின்றான். "அடடா, எப்பங்க? அப்பா அம்மா இறப்புன்னா மூணு நாள் சம்பளத்தோட லீவுங்க, இப்பவே போட்டுடறேன்" என்று கம்ப்யூட்டரைத் தட்டினான். பிறகு கை நின்றது. "அக்கா, உங்க விவரத்துல அப்பா 2003-லயே இறந்துட்டதா இருக்குதுங்களே?"

சூசைமேரியின் கணவர் இறந்த வருடம் அது. வேலைக்குச் சேர்ந்தபோது அவளே எழுதிக் கொடுத்தது.

லின்சி என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பாவுங்க சார்" என்றாள். "அப்பா மாதிரி. அதான் அப்படியே சொல்லிப்போட்டேன்."

பெரியப்பாவுக்கு லீவு கிடையாது. உதய் தன் பொறுப்பில் மறுநாள் மதியம் வரைக்கும் அனுமதி கொடுத்தான். அவள் முகாமில் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து, மகளையும் ஜோஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடக்கத்தைப் போனில் பார்த்திருக்கிறாள். பாதியில் அங்கே சிக்னல் போய்விட்டதாம்.

இரண்டு மணிக்கு வேலைக்கு வந்துவிட்டாள். பதினாலு பேர் காத்திருந்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "அடுத்தவங்கள அனுப்புங்க்கா" என்றாள். நான் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன்.