மைனஸ் இரண்டு

உட்கார்ந்த இடத்தில் எனக்குக் கால் ஆடும். ராக் இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பவனுக்கு அது தாளஞானம் என்று நானே ஒரு வதந்தியைப் பரப்பிவிட்டேன். இதுவரை யாரும் நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கால் இன்னும் வேகமாக ஆடியது. குழுவை நடத்தும் கிட்டார்க்காரன் முந்தின வாரமே சொல்லிவிட்டான்: "டேய், இன்னொரு தடவை சொதப்பினே, உன் பார்ட் எல்லாத்தையும் லேப்டாப்ல போட்டுருவேன். அது லேட்டா வராது, சாப்பாடும் கேக்காது லா." பதினான்கு வருடம் சேர்ந்து வாசித்தவன். லேப்டாப்பை ஏற்கெனவே வாங்கியும் வைத்திருந்தான்.

காலையில் லிட்டில் இந்தியா பக்கத்தில் எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வாசித்தேன். பாடகர் குழு ஆன்ட்டிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"தம்பி, கொஞ்சம் எறக்கி வாசிங்க. மேல போனா இருமல் வந்துரும்."

அதற்கென்றே கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. இரண்டு முறை அழுத்தினால் போதும். விரல்கள் பழகிய கட்டைகளிலேயே ஓடும், ஒலி மட்டும் இரண்டு படி இறங்கிவிடும். சோம்பேறிகளை நினைத்தே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அழுத்தினேன். ஆன்ட்டி இருமாமல் பாடி முடித்தார். அணைத்துவிட்டாலும் இறக்கி வைத்ததை மறக்காத கீபோர்டு அது. மறப்பதற்குத்தான் நான் இருக்கிறேனே.

மாலையில் கடலோரத் திறந்தவெளி மேடையில் நிகழ்ச்சி. சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆள் நீளப் பையோடு பஸ் ஏற முடியாமல் மூன்று பஸ்களை விட்டேன். ஒலிச்சோதனை என்னை விட்டுவிட்டு நடந்து முடிந்திருந்தது. கிட்டார்க்காரன் என்னைப் பார்த்து லேப்டாப் பையைத் தட்டிக் காட்டினான்.

முதல் பாட்டின் முதல் நான்கு வரிக்கு நானும் பாடகியும் மட்டும்தான். நான் வாசித்ததைப் பிடித்துக்கொண்டு அவள் தொடங்கினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சின்னத் திரையைப் பார்த்தேன். மைனஸ் இரண்டு! ஐந்தாவது வரியில் கிட்டார் நுழையும், அதுவும் சரியான சுருதியில். இரண்டு வரி போய்விட்டது. மூன்றாவது வரி முடிந்து அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஏற்றும் பொத்தானை இரண்டு முறை குத்தினேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான்காவது வரியை அப்படியே இரண்டு படி மேலே தூக்கிப் பாடினாள். கிட்டார் வந்து சேர்ந்தது. கூட்டம் விசிலடித்தது.

மேடைக்குப் பின்னால் கிட்டார்க்காரன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அந்த ஏத்தம் செம! எப்படா யோசிச்சே?"

"காலையில. பூசையில."

பொய் இல்லையே.

"இதையும் லேப்டாப்ல ஏத்திருவோம்" என்றான். செய்த தப்பைச் செய்யக்கூட நான் தேவையில்லை போலிருக்கிறது.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பாடகி போத்தலைக் கீழே வைத்தாள். "எங்க ஏத்துவீங்க? அண்ணன் மூஞ்சி பேயைப் பார்த்த மாதிரி ஆச்சு. அதைப் பார்த்துத்தான் நானே ஏறினேன். லேப்டாப்புக்கு மூஞ்சி இருக்கா?"

கிட்டார்க்காரன் என் முகத்தை வெகுநேரம் பார்த்தான். "சரி, இருந்துட்டுப் போ" என்றான்.

ஆறு வயதிலிருந்து விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். வேலையைக் காப்பாற்றியது மூஞ்சி. இப்போது அந்த ஏற்றத்துக்காகவே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மைனஸ் இரண்டில்தான் தொடங்க வேண்டும். மறந்துபோய்ச் சரியாகத் தொடங்கிவிடுவேனோ என்று கால் ஆடிக்கொண்டே இருக்கிறது.