அஞ்சலையம்மாவின் பகல் தூக்கம்

அஞ்சலையம்மா குளியலறையில் விழுந்தது ஒரு வியாழக்கிழமை காலை, பத்தே முக்கால் மணிக்கு. எலும்பு எதுவும் முறியவில்லை. இடது முழங்கை சிராய்ந்திருந்தது, நெற்றியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். தூக்கி உட்கார வைத்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தூங்க விடாம சாவடிக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

அவரைத் தூங்க விடாமல் செய்தது நான்தான்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெண்கள் பிளாக் என் பொறுப்பு. எங்களிடம் வருகிறவர்களில் பலர் பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே பிளாட்பாரத்திலும் கோயில் வாசலிலும் வருடக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மருந்து, குளியல், புண் கட்டுவது பற்றியெல்லாம் கேட்பார்கள். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் செய்த பெரிய தவறு அதில்தான்.

என் ரிஜிஸ்டர்

ஐப்பசி மழையில் ஒன்பது பேரை ஒரே வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அஞ்சலையம்மா அவர்களில் ஒருவர். வயது அறுபத்தெட்டு என்றார். நடவு, களையெடுப்பு என்று நாற்பது வருடம் சேற்றில் நின்றவர். வீடு போன பிறகு ஐந்து வருடம் பிளாட்பாரத்தில் இருந்திருக்கிறார். உறவினர் யார் என்று கேட்டதற்கு "யாருமில்ல" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

எதையும் நேரம் போட்டு எழுதுவது என் பழக்கம். முதல் வாரக் குறிப்பு இது: "இரவு முழுவதும் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். காலை பத்து மணிக்குப் பொது ஹாலுக்கு வந்து, சுவரோரம் துண்டை விரித்து, ஒரு மணி வரை அசையாமல் தூங்குகிறார்."

பக்கத்துக் கட்டில் ராஜாம்பாள் புகார் சொன்னார். "ராத்திரி கண்ண முழிச்சா இது ஆந்த மாதிரி உக்காந்துருக்கு மேடம். ஒண்ணுக்கு வந்தாகூட எந்திரிக்கப் பயமா இருக்கு."

"நீ எந்திரிச்சா நான் என்ன கொத்தவா போறேன்?" என்றார் அஞ்சலையம்மா.

பகலில் தூங்குவதால்தான் இரவில் தூக்கம் வரவில்லை என்று நான் முடிவு கட்டினேன். பத்து மணிக்கு எழுப்பித் தோட்டத்துக்கு அழைத்துப் போகும்படி ஆயாவிடம் சொன்னேன். ஆறு நாள் அப்படி நடந்தது. அவர் பகலிலும் தூங்கவில்லை, இரவிலும் தூங்கவில்லை. எடை இரண்டு கிலோ இறங்கியது. ஒரு நாள் ஆயாவை அடிக்கக் கை ஓங்கினார். ஏழாம் நாள் விழுந்தார்.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர், மனநல மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் சூப்பரின்டெண்ட் என்னைக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம வண்டி சொல்லியாச்சு. ரிப்போர்ட்ட நீங்க எழுதிடுங்க. உங்க ரிஜிஸ்டர்லதான் எல்லாம் புட்டுப் புட்டு வச்சிருக்கீங்களே."

எங்கள் இல்லத்தில் ஒரு கட்டில் காலியானால் மறுநாளே வேறொருவர் வந்துவிடுவார். இது அஞ்சலையம்மாவுக்கும் தெரிந்திருந்தது. "அங்கேர்ந்து வெளிய விட்டா திரும்பப் பிளாட்பாரந்தானே மேடம்?" என்று கேட்டார்.

செல்வத்தின் ரிஜிஸ்டர்

சனிக்கிழமை மதியம் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். ஹால் இரண்டு பிளாக்குக்கும் பொது. அங்கே அவரால் மற்றவர்களுக்குத் தொந்தரவு இருந்ததா என்று பார்க்க, ஆண்கள் பிளாக்கின் ரிஜிஸ்டரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அதை எழுதுகிற செல்வத்துக்குக் கோழிக் கிறுக்கல் கையெழுத்து. கலியபெருமாள் என்பவரைப் பற்றி இப்படி இருந்தது: "பத்து முதல் ஒன்று வரை ஹால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உடற்பயிற்சிக்கு வருவதில்லை. டீக்கும் எழுந்திருப்பதில்லை."

நான் அஞ்சலையம்மாவை எழுப்பச் சொன்ன முதல் நாளுக்கு நேராக: "காரணம் இல்லாமல் ஆயாவோடு சண்டை." அதற்குப் பிறகு: "பெஞ்சுக்கு வருவதில்லை. இரவில் தூங்காமல் நடக்கிறார்."

இரண்டு ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நாளும் மணியும் ஒன்றாக இருந்தன. இருவரும் வந்து இறங்கியது ஒரே வேனில்.

செல்வத்திடம் கேட்டேன். "அந்த போட்டுக்காரரா மேடம்? மூணு மணி நேரம் புடிச்சு வச்ச புள்ளையார் மாதிரி உக்காந்துருப்பாரு. எந்திரிங்கன்னா, 'வேலையா இருக்கேன், போப்பா'ங்குறாரு. பெஞ்சுல அப்படி என்ன வேலை?"

கலியபெருமாள் நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர், விசைப்படகில் இருந்தவர். இருவரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்து, ரிஜிஸ்டரில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

அஞ்சலையம்மாதான் முதலில் பேசினார். "பிளாட்பாரத்துல ராத்திரி பொம்பள தூங்குனாத்தான் பயம் மேடம். முழிச்சிருந்தா பயமில்ல. அதனால ராத்திரி அவரு தூங்குவாரு, நான் உக்காந்துருப்பேன். யாராச்சும் கிட்ட வந்தா ஒரு சத்தம் போடுவேன், எந்திரிச்சிருவாரு. காலைல வண்டிக் கூட்டம் கொறஞ்சதும் நான் படுப்பேன். அவரு இருப்பாரு."

"போட்டுல எல்லாரும் ஒண்ணாத் தூங்கக் கூடாதுங்க," என்றார் கலியபெருமாள். "ஒருத்தன் முழிச்சாகணும். தரையிலயும் அப்படித்தான்."

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? ஒரு பொம்பள, ஒரு ஆம்பள. நான் ஒண்ணு சொன்னா கேக்குறவங்க ஒம்போது நெனப்பாங்க."

அவர்களைத் தூங்க வைத்திருந்த ஒரே ஏற்பாட்டை நான் மணி பார்த்துக் கலைத்திருந்தேன். அன்றே சூப்பரின்டெண்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனதோடுதான் ஒரு வழி சொன்னார்.

"தம்பதி ரூம் ஒண்ணு காலியா இருக்கு. புருஷன் பொண்டாட்டின்னு எழுதிக் குடுத்தா போட்டுடலாம். கேட்டுப் பாருங்க."

கேட்டேன். அஞ்சலையம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு ஏன் எனக்குப் புருஷனாகணும்? புருஷன் ஒருத்தர் இருந்தாரு. அவரு ஒரு நாள்கூட எனக்காக முழிச்சதில்ல."

"இந்தம்மா வாயிக்கு நான் திரும்பக் கடலுக்கே போயிடலாம்," என்றார் கலியபெருமாள்.

டாக்டருக்கு ஃபோன் செய்தோம். ஒரு மாதம் பார்ப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் அனுப்பத்தான் வேண்டும் என்றார். திங்கட்கிழமை வண்டியை நிறுத்தினோம். ஹாலில் சுவரோரம் ஒரு பாய் போட்டோம். கலியபெருமாளின் உடற்பயிற்சி மாலை நாலு மணிக்கு மாறியது. டீயைச் செல்வம் பெஞ்சுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் நாள் ஒன்றரை ஆகியும் அஞ்சலையம்மா எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் நான் போய்ப் பார்த்தேன். கலியபெருமாள் கையைக் காட்டி என்னை அங்கேயே நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் முடிந்தபோது அஞ்சலையம்மாவின் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. இரவில் எழுந்தால் ராஜாம்பாள் அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

என் முறை

அப்போதுதான் கலியபெருமாளுக்குக் கண் ஆபரேஷனுக்குத் தேதி வந்தது. இரண்டு நாள் தஞ்சாவூரில் இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா என்று நானும் செல்வமும் பேசிக்கொண்டிருந்தபோது அவரே என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், நாளைக்கும் மறுநாளும் நீங்க உக்காருங்க. பத்துலேர்ந்து ஒண்ணு. நடுவுல எந்திரிக்கக் கூடாது. எழுதுற வேலையும் வச்சுக்காதீங்க. எழுதுறவங்க குனிஞ்சுருவாங்க."

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"அத நீங்கதான் பேசிக்கணும்."

மறுநாள் பத்து மணிக்கு வெறுங்கையோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். அஞ்சலையம்மா வந்து பாய்க்குப் பக்கத்தில் நின்றார்.

"ஃபோன் வந்தா போயிடுவீங்களா?"

"போக மாட்டேன்."

"பெரிய சார் கூப்பிட்டா?"

"அப்பவும் போக மாட்டேன்."

"பாப்போம்," என்று உட்கார்ந்தார். இருபது நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாய்ந்து, கண்ணைத் திறந்து ஒருமுறை பார்த்தார். மறுபடி மூடினார். மூச்சு நீளமாக வர ஆரம்பித்தது.

ஆபீஸில் ஃபோன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. சூப்பரின்டெண்ட் என்னைத் தேடிக்கொண்டு ஹால் வாசல் வரை வந்தார். பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். நான்காவது முறை ஃபோனை அவரே எடுத்தார்.

ஒன்று பத்துக்கு அஞ்சலையம்மா எழுந்தார்.

"இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"சரி. நாளைக்கும் வந்துருங்க," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மாதம் முடிந்ததும் டாக்டர் தன் பரிந்துரையை அடித்து நீக்கிவிட்டார். அஞ்சலையம்மாவின் கட்டில் அவருக்கே இருக்கிறது.

தூக்கமில்லை என்று யாராவது வந்தால் இப்போது மாத்திரைக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: இதுவரைக்கும் உங்களுக்காக யார் முழித்திருந்தார்கள்? பெரும்பாலும் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். அவரைத் தேடிப் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பெஞ்சில் போய் உட்கார வேண்டியது நம் வேலை.