பேர் சொன்னால்தான் வண்டி

என் தாய்மாமா பக்கிரிசாமி மலேசியாவின் கிள்ளானில் சவ வண்டி ஓட்டுகிறார். முன்பு பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டியவர். பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் இறந்தவரின் பேரைக் கேட்டுக்கொள்வார். "சின்னையா, போலாமா?" என்று பின்பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான எனக்கு, அது பழக்கமா நம்பிக்கையா என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

போன சனிக்கிழமை மாலை எங்கள் வட்டாரத் திரையரங்கில் குண்டர் கும்பல்களைப் பற்றிய ஆவணப்படங்களைப் போட்டார்கள். ஒன்றில் மாமா வருகிறார் என்று தெரிந்து அவரை அழைத்துப் போனேன்.

முதல் படத்தில், சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவனைப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். கடைக் கேமராவில் பதிந்தது, சத்தம் இல்லை. அவன் கையைத் தூக்கித் தடுத்தான். அடுத்த வெட்டுக்குத் தூக்கக் கை இல்லை. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

அடுத்த படத்தில் மாமாவின் வண்டி வந்தது. அவர் முகத்தை மங்கலாக்கியவர்கள் நம்பர் பிளேட்டை மறந்துவிட்டார்கள். அரங்கில் பலர் எங்கள் பக்கம் திரும்பினார்கள். வண்டியின் கூரையில் பெரிய மலர்வளையம், நடுவில் இறந்தவரின் பேருக்குப் பதிலாக, கும்பல் தன்னை அழைத்துக்கொள்ளும் எண்.

"பேரைப் போடுங்க. நம்பருக்கு வண்டி ஓட்ட மாட்டேன்," என்கிறார் மாமா.

கும்பல் ஆட்களின் ஹெல்மெட்டுகள் அவர் வாயில் இறங்குகின்றன. விழுந்தவரை மிதிக்கிறார்கள். படம் அத்துடன் முடிந்தது.

விளக்கு எரிந்ததும் ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். மாமா எழுந்தார்.

"தட்டாதீங்க லா. அப்புறம் ஓட்டினேன். பல்லத் துப்பிட்டு, அதே நம்பரோட ஓட்டினேன். பெட்டியில இருந்த பையன் பேரு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

கைதட்டல் நின்றது. வாசலில் நின்ற ஓர் இளைஞன் எங்கள் வரிசைக்கு வந்தான். கையில் ஹெல்மெட்.

"வீட்டுல கேட்டேன், இங்க இருக்கீங்கன்னாங்க. நாளைக்கு எங்காளு ஒருத்தருக்கு வண்டி வேணும் அங்கிள்."

"பேரு என்ன?"

"பேரு எதுக்கு? பூவுல நம்பர் போட்டு வரும். அன்னிக்கு ஓட்டினேன்னு இப்பதான சொன்னீங்க."

"அன்னிக்கு ஓட்டினது போதும். பேரைச் சொல்லு."

ஹெல்மெட் அவர் தாடையில் இறங்கியது. மாமா இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே சரிந்தார். ஒரு பெண் அலறினாள், யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். இந்தப் படங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் பேசியிருப்பேன். கால்தான் எழவில்லை.

மாமா நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "பேரு."

மறுபடி அடித்தான். புருவம் கிழிந்து ரத்தம் என் சட்டையில் தெறித்தது. அதன் பிறகுதான் அவன் கையைப் பிடித்தேன். என்னை உதறியதில் என் தலை சுவரில் மோதியது. அவன் மீண்டும் ஓங்கினான்.

"பேரைச் சொல்லிட்டு அடிடா!"

ஓங்கிய கை மேலேயே நின்றது. அவன் வாய் கோணியது.

"முகுந்தன்," என்றான். "எங்கண்ணன். நேத்து வெட்டிட்டானுங்க."

மாமா சட்டை நுனியால் வாயைத் துடைத்தார். "முகுந்தன்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உதடு வீங்கியிருந்ததால் சரியாக வரவில்லை. மறுபடி சொன்னார்.

"பூவுல அதை எழுதச் சொல்லு. காலையில வரேன்."