வெளித் தாழ்ப்பாள்

எங்கள் ஷூ கம்பெனி வேலைக்காகப் புதூர்நாட்டு மலைக்கிராமப் பெண்களை ஜீப்பில் அழைத்து வந்தபோது, அவர்களுடைய ஊர்த் தலைவரும் ஏறிக்கொண்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். எந்தக் கதவைக் கண்டாலும் இரண்டு முறை திறந்து மூடிப் பார்ப்பார். கமிஷனுக்கு அடிபோடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பெண்களை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கம்பெனி விடுதியில் அவர்கள் தங்கவிருந்த அறையின் கதவை ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள தாப்பா இல்ல, வெளியதான் இருக்குது. இன்னா சார் இது?"

"பாதுகாப்புக்குத்தாங்க."

"யாருக்குங்க?"

நான் அந்தத் தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.

"உள்ள மாத்துங்க. அப்பால எறங்குவாங்க."

மலையில் இந்தப் பெண்களின் வீட்டாரிடம் ஏதாவது வாங்கியிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் தச்சர் வந்து தாழ்ப்பாளை மாற்றி முடிக்கும்வரை, அந்த ஜீப்பின் என்ஜினை அவர் அணைக்க விடவில்லை.