மாப்பிள்ளையின் கைப்பக்குவம்

வியட்நாமில், மெட்ரோ ரயிலுக்காக ‘பென் தான்’ என்கிற சந்தைக்கு முன்னால் தோண்டிப் போட்டிருந்த காலம். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் சைவச் சாப்பாட்டுக் கடை இருந்தது. பலகையில் ‘சாய்’ என்று பெரிதாக எழுதியிருந்தோம். வியட்நாமிய மொழியில் சாய் என்றால் சைவம். அவர்கள் எழுதுவது ஆங்கில எழுத்தில் என்பதால், வடநாட்டுப் பயணிகள் அதைப் படித்துவிட்டு டீ கேட்டு உள்ளே வருவார்கள். என் கணவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விளக்கம் சொல்வார், டீ மட்டும் கொடுக்க மாட்டார்.

உண்மையில் கடையைத் தாங்கியது உள்ளூர் பௌத்தப் பெண்கள்தான். பௌர்ணமியன்றும் அவர்களுடைய மாதத்தின் முதல் நாளன்றும் மீன், இறைச்சி தொடமாட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் சாம்பார் சாதத்துக்காக வாசலில் மோட்டார் சைக்கிள்கள் அடைத்துக்கொண்டு நிற்கும்.

அடுப்படியில் இருவர். ஒருவர் என் நாத்தனாரின் கணவர். வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் மாப்பிள்ளைதான். ஊரில் தொட்ட தொழிலையெல்லாம் இழுத்து மூடிவிட்டு வந்தவர், விமானத்தைவிட்டு இறங்கும்போதே சமையல் மாஸ்டராக இறங்கினார். இன்னொருத்தி உள்ளூர்க்காரி, என்னைவிட மூத்தவள். அந்த ஊரில் யாரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நாங்களும் அவளை அக்கா என்றோம். அவள் நாள் பார்த்துச் சைவமாக இருப்பவள் அல்ல. தாய் சாகக் கிடந்தபோது வேண்டிக்கொண்டு எல்லாவற்றையும் விட்டவள். முட்டைகூடத் தொடமாட்டாள்.

நான் காரைக்கால்காரி. புகுந்த வீட்டில் எனக்கு ‘மீன் தின்கிற வீட்டுப் பொண்ணு’ என்று பெயர். தாலி ஏறிய நாளிலிருந்து மீனைத் தொட்டதில்லை. ஆனாலும் மாப்பிள்ளை என் கையிலிருந்து தண்ணீர் வாங்கும்போது டம்ளரை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்வார், அவ்வளவு ஆசாரம். என் மூக்கு மட்டும் காரைக்காலிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் ஒரு பௌர்ணமிக் காலையில் சாம்பார் அண்டாவைத் திறந்ததும் எனக்குக் கடல் மணத்தது.

பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் பாட்டில் இருந்தது. நுக் மாம். மீனை உப்பில் ஊறப்போட்டு இறக்குகிற சாறு. அது இல்லாமல் அந்த ஊரில் யார் வீட்டிலும் சமையல் கிடையாது, எங்கள் கடையில் கிடையாது என்பதற்காகத்தான் அந்தப் பெண்கள் எங்களிடம் வந்தார்கள். சாம்பாரில் என்னவோ புது ருசி என்று கொஞ்ச காலமாகவே பாராட்டு வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, “கைப்பக்குவம்” என்பார்.

அண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

“அது அக்காவோட பாட்டிலா இருக்கும். அவ சாப்பாட்டுக்குக் கொண்டாந்து வச்சிருப்பா.”

அக்கா அப்போது சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“முட்டையே தொடாத மனுஷிக்கு மீன் பாட்டில் எதுக்குண்ணே?” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். “அது மீன் இல்ல தங்கச்சி, மீன் தண்ணி. மீனை எடுத்துட்டுத்தானே பாட்டில்ல ஊத்துறான்?”

டம்ளரை முகர்ந்து பார்த்த மூக்கு பேசுகிறது!

“இந்த ஊர்க்காரங்களுக்கு அது இல்லாட்டி எறங்காது. கூட்டம் யாரால வந்துச்சுன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு.”

வீட்டுக்காரர் என்னை ஓரமாக இழுத்துப்போனார். “சாம்பார் ஏன் இல்லன்னு வர்றவங்க கேப்பாங்க. வேலைக்காரம்மா தெரியாம ஊத்திட்டாங்க, நிறுத்திட்டோம்னு சொல்லிடுவோம். அந்தம்மாவுக்கு எங்க வேணாலும் வேலை கெடைக்கும். மாப்பிள்ளைக்கு எவன் குடுப்பான்?”

மாப்பிள்ளையைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாராவது சொன்ன ஒரே உண்மை அதுதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா அக்கா என்று கூப்பிட்டவரைக்கும் யாருக்கும் வாய் வலிக்கவில்லை. ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும் என்றதும் உறவு யார், வேலைக்காரி யார் என்று இவருக்கு நொடியில் தெரிந்துவிட்டது.

“அவங்களை அனுப்புனீங்கன்னா நானும் போறேன். அப்புறம் நீங்களும் உங்க மாப்பிள்ளையும் டீக்கடை நடத்துங்க” என்று கத்தினேன். அவரும் கத்தினார். தங்கையின் வாழ்க்கை, குடும்ப மானம், கடையின் பேர் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். மாப்பிள்ளை நடுவில் நின்று தன் மனசு புண்பட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா கீரைக் கூடையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. எங்கள் சமையலறையிலேயே தமிழ் கற்றவள், நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே கற்றிருந்தாள். பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட காரைக்கால் பேச்சிலேயே கேட்டாள்.

“எப்பலேர்ந்து?”

தினமும் கூட்டம் ஓய்ந்த பிறகு அவள் சாப்பிட்டதும் அந்தச் சாம்பார்தான். அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்திய எனக்கும் அது தோன்றவில்லை.

“ஆச்சு, பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்தே” என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம் பெருமையாகவே.

அவள் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். வாய் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். விரலை விட்டு நாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, “இத்தன நாளும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித்தானே சாப்பிட்டா” என்றார்.

அவள் உள்ளே திரும்பவில்லை. பின்வாசல் வழியாகவே போய்விட்டாள், மறுநாளும் வரவில்லை. தானாகப் போனதால் யாரையும் நிறுத்துகிற சங்கடம் இல்லாமல் போயிற்று என்று என் கணவருக்கு அவ்வளவு நிம்மதி.