என் தவலைக்குப் பதில் ஆள்

பெரிய முசே கப்பலேறி அவருடைய ஊருக்குப் போனபோது, அவர் நாற்காலிக்கு வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டார்கள். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் இருந்த பிரெஞ்சுக் கல்லூரிக்கு அவர்தான் தலைமை. முசே என்றால் அவர்கள் பாஷையில் ஐயா. திரும்பி வரும்வரை வேலையைப் பார்க்க வந்த துரை, பக்கத்தில் வேறு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உறை போட்ட நாற்காலியில் ஈகூட உட்காரவில்லை. மாதக்கணக்கில் லீவு, அதற்குச் சம்பளமும் உண்டு. கோன்ழே என்பார்கள் அதை. நான் அந்த அறையில் தண்ணீர் வைக்கப் போகிறபோதெல்லாம் அந்த உறையைப் பார்ப்பேன். அப்போது என் வயிற்றில் முதல் பிள்ளை.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் படித்தது மட்டும்தான். ஆனால் தண்ணீர் தூக்குவதில் அந்தக் கல்லூரியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தெருமுனைக் குழாயில் பிடித்து, சும்மாட்டின் மேல் தவலையை வைத்து, கையை விட்டுவிட்டு நடப்பேன். சர்க்கார் தவலை, செம்பு. நிரப்பிவிட்டால் ஒருத்தராலே தலைக்கு ஏற்ற முடியாது. இன்னொருவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். ஏறிவிட்டால் அப்புறம் மேல்மாடி வரைக்கும் ஒரு சொட்டுச் சிந்தாது.

எங்களை அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காலையில் வாசலில் வரிசையாக நிற்போம். சின்ன முசே என்று ஒருவர், நம் ஊர்க்காரர்தான், சட்டையும் தொப்பியும் போட்டவர், எங்களுக்கு மேலாள். அவர் வேலையைச் சொல்லிக் கூப்பிடுவார். "மணி!" என்றால் மணி அடிக்கிறவர் "வந்தேன் முசே" என்பார். "தோட்டம்!" "துடைப்பம்!" அப்புறம் "தண்ணி!" நான் "வந்தேன் முசே" என்பேன். எங்களுக்குக் கோன்ழே என்று ஒன்று இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் நம் வீட்டிலிருந்தே ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். பதில் ஆள் என்பார்கள். கூப்பிட்ட குரலுக்கு அந்த ஆள் பதில் சொன்னால் போதும், சின்ன முசே நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். தண்ணீர் வந்தால் சரி.

அந்த வருஷம் பஞ்சாலையில் கூலிச் சண்டை வந்து கதவு மூடிக் கிடந்தது. வேலை போன சனங்கள் காலையில் கல்லூரி வாசலில் வந்து நிற்பார்கள். யாராவது வரமாட்டார்களா, அந்த இடம் கிடைக்காதா என்று அவர்கள் எங்கள் வரிசையை எண்ணுவது தெரியும். எனக்கு மாதம் ஏற ஏற அவர்கள் கண் என் வயிற்றின் மேலேயே இருந்தது. நான் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வேன்.

பிள்ளைப் பேற்றுக்கு யாரைப் பதில் ஆளாக விடுவது? என் வீட்டுக்காரர் ஆளை உட்காரவைத்துப் புஷ்புஷ் வண்டி தள்ளுகிறவர். பெண்பிள்ளை வேலைக்கு அவரை நிறுத்த முடியாது. மாமியாருக்கு முட்டிவலி. மிச்சம் இருந்தது என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. அவள் புருஷன் ஆலைக்காரன். வேலையில்லாமல், மூன்று பிள்ளைகளோடு எங்கள் உப்பளம் பேட்டை வீட்டிலேயே வந்து தங்கியிருந்தார்கள்.

"நான் போறேன் அண்ணி. நீ நிம்மதியா பெத்துப் பொழைச்சி எழுந்து வா" என்றாள்.

நிம்மதி என்ற சொல்லைக் கேட்டதுமே முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். அவள் பிள்ளைகள் கஞ்சிக்கு அழுகிற சத்தத்தை நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள். அவள் இடத்தில் நான் இருந்தால் திருப்பித் தருவேனா என்று நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

கடைசி நாள் வேலை முடிந்ததும், தவலையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சும்மாட்டை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். பழைய புடவைக் கிழிசல்தான். ஆனாலும் அவளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

ஆண்பிள்ளை பிறந்தது. பெற்றவள் கோயிலுக்குப் போய்ச் சாமியார் மந்திரிக்கிற வரைக்கும் வாசற்படி தாண்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காதில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு, அறைக்குள்ளேயே கிடை. எங்கள் தெருவில் அந்த வருஷம்தான் ஒருத்தி, பிள்ளை பெற்ற கொஞ்ச நாளில் கிணற்றடியில் நின்று துணி துவைத்தாள். ஜன்னி கண்டது. அவள் கத்தின கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவளை அடக்கம் பண்ணின பிறகு பிள்ளையை அவள் அம்மா தூக்கிக்கொண்டு போனாள்.

வேலை போய்விடுமோ, ஜன்னி வந்துவிடுமோ என்ற இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் படுத்திருந்தேன்.

நாத்தனார் சாயங்காலம் வந்ததும் சேதி சொல்வாள். "மேல்மாடி வெள்ளக்கார மதாம் இன்னிக்கி என்னப் பாத்து சிரிச்சாங்க அண்ணி. தண்ணி ரொம்ப குளுகுளுன்னு இருக்குதாம்."

"மேல்மாடிப் பானைய நான் மணல்ல வெச்சி வெச்சிப் பழக்கினது. அது குளுகுளுன்னுதான் இருக்கும்."

"ஆமா ஆமா, உன் பானைதான். நான் தண்ணி தூக்கி ஊத்தறதோட சரி" என்று சிரிப்பாள். தெருவில் போகிறவர்கள் அவளை "இன்னா தண்ணி, வேலைக்கா?" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அது என் பேர். பால் கட்டிக்கொண்டு மார் வலிக்கும். பிள்ளை அழும். மாமியார், "மனசுல எதையோ போட்டு அழுத்தற, அதான் பால் இறங்கல" என்பார்.

ஒரு நாள் பின்கட்டில் தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினாலும் கூரை வீட்டில் என்ன மறையும்?

"அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத" என்றார் மாமியார்.

"கேட்டா இன்னா சொல்றதும்மா?"

"கேட்டா பாத்துக்கலாம். பச்சை உடம்புக்காரி."

வேலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட்கலாம்தான். நான் யாரிடமும் இறங்கிப் போய்க் கேட்டுப் பழகாதவள். பிள்ளையை எடுத்து மாரோடு வைத்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் அவள் வேறு எங்கோ பார்ப்பாள். வேலைக்குப் போகும்போது அவசரமாகப் போவாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் வண்டியை விட்டுவிட்டு வந்து அறை வாசலில் நின்றார். "பெரிய முசே கப்பல் வருதாம். நாளைக்குக் காலைல எல்லாரையும் வாசல்ல நிறுத்திப் பாக்கப் போறாராம். வரிசையில நிக்கிறவங்கதான் இனிமே வேலையாளுன்னு தோட்டக்காரரு சொன்னாரு."

"நான் போவணும்" என்றேன்.

மாமியார் உள்ளே வந்தார். "எங்க போவே? இன்னும் கோயில் மந்திரிக்கல. கடல் காத்து காதுல பூந்தா போதும். கிணத்தடிக்காரி கத்தனது உனக்குக் கேக்கலியா?"

"கேட்டுது அத்தை."

"அப்புறம்?"

எனக்கும் அந்தக் கத்தல்தான் காதில் இருந்தது. நாத்தனார் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

காலையில் அவள் கிளம்பிப் போனாள். மாமியார் பால் வாங்கப் போனார். தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் காற்றுக் கருப்பு அண்டாமல் அரிவாளை வைத்தேன், மாதாவைக் கும்பிட்டேன், காதுப் பஞ்சை அழுத்திவிட்டு, தலையைச் சுற்றித் துணியைக் கட்டி, சும்மாட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன். உப்பளத்திலிருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் எத்தனை முறை உட்கார்ந்தேன் என்று தெரியாது. கால் நடுங்குகிறது நடையாலா, பயத்தாலா, ஜன்னிதான் வந்துவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடல் காற்று அன்றைக்கென்று முகத்தில் அறைந்தது. வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

வாசலில் ஆலைச் சனங்கள் கூட்டமாக நின்றார்கள். உள்ளே வரிசை. பெரிய முசே வெயிலில் சிவந்துபோய், புதுத் தொப்பியோடு நின்றார். ஆளுக்காள் தன் சாமானோடு நிற்கவேண்டும் என்று உத்தரவாம். தோட்டக்காரர் கத்தரியோடு நின்றார். நாத்தனார் காலடியில் தவலை, நிரம்பின தவலை.

"மணி!"

"வந்தேன் முசே."

"தோட்டம்!"

"வந்தேன் முசே."

"தண்ணி!"

நாத்தனார் வாயைத் திறந்தாள். "வந்தேன் முசே" என்றாள். ரொம்ப நாள் சொல்லிப் பழகின வாய்.

கூட்டத்தில் யாரோ, "அது பதில் ஆளு. அசலு பிள்ளை பெத்துக் கிடக்கறா" என்றார்கள். இன்னொருத்தி, "அசலு இனிமே எங்க வர்றது!" என்று சிரித்தாள்.

நான் உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. தலைக்கட்டும் பஞ்சுமாக நின்ற என்னைப் பார்த்துச் சின்ன முசே, "ஏய், யாரு நீ?" என்றார். தினமும் அவர் எதிரில் நின்றவள்தான். முகம் தெரியவில்லை அவருக்கு. நாத்தனார் முன்னால் போய் நின்று, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தேன். குனிந்தேன்.

தவலையை நானாக ஏற்ற முடியாது. அவள் தூக்கிவிட்டால்தான் உண்டு.

அவள் தூக்கவில்லை. அவள் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. விரல்கள் மண்ணை நெருடிக்கொண்டிருந்தன. அவள் பிள்ளைகள் மூன்று பேரும் என் கண்ணில் வந்து நின்றார்கள். பெரிய முசே ஏதோ பிரெஞ்சில் கேட்டார். சின்ன முசே அவளைப் பார்த்து, "இன்னா இது? யாரு தண்ணி? சொல்லு!" என்று கத்தினார்.

வளையல் சத்தம் கேட்டது. அவள் குனிந்தாள். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. "இரு" என்றாள் மெதுவாக. தவலை என் தலைக்கு வந்தது.

இடுப்புக்குக் கீழே ஏதோ பிய்ந்து போகிற மாதிரி இருந்தது. கண் இருட்டியது. கையை விட்டேன். வழக்கம்போல விட்டேன். பெரிய முசே பார்த்துக்கொண்டிருக்க, ஆலைச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்தைத் தாண்டி நடந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. காலில் வழிந்தது தண்ணீர் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

தாழ்வாரம் திரும்பினதும் பின்னாலேயே ஓடி வந்தவள் தவலையை வாங்கி இறக்கினாள். "செத்துப் போவே அண்ணி. உனக்கு அறிவிருக்குதா? குந்து, அப்படியே குந்து." என்னைச் சுவரோடு சாய்த்துத் தன் முந்தானையால் காலைத் துடைத்துவிட்டாள்.

"சின்ன முசே என்னையே இருந்துடச் சொன்னாரு. அம்மாதான் உங்கிட்ட சொல்லாதன்னுச்சி."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே, "வேணாம்னும் சொல்லல" என்றாள்.

அன்றைக்கு மிச்சத் தண்ணீரை அவள்தான் தூக்கினாள். சாமியார் எனக்கு மந்திரிக்கிற வரைக்கும் அவளே போய் வந்தாள். ஆனால் சின்ன முசே "தண்ணி!" என்று கூப்பிட்டால், "தண்ணிக்குப் பதில் ஆளு, முசே" என்று சொன்னாளாம். தோட்டக்காரர் வந்து சொன்னார். நான் வீட்டில் ஜன்னிக்குக் காத்திருந்தேன். உடம்பு சுட்டால் மாமியார் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எப்போது கத்துவேனோ என்று. ஜன்னி வரவில்லை. நான் வேலைக்குத் திரும்பின காலையில் நாத்தனாரும் கூட வந்து, முதல் தவலையைத் தூக்கிவிட்டுவிட்டு, வாசலில் நின்ற ஆலைச் சனத்தோடு போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்கப்புறம் ஆலை திறந்தது. அவளும் அவள் புருஷனும் வேலைக்குப் போனார்கள். ஆலையில் வேலை செய்கிற பெண்களுக்குப் பிள்ளைப் பேற்றுக்கு லீவு உண்டு என்று சட்டமும் வந்தது. கல்லூரியில் எங்களுக்கு அது வரவில்லை. அவளுடைய நாலாவது பிள்ளையைப் பார்க்க நான் போனேன். நல்ல பகல். பிள்ளை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பெற்றவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. பொறுக்க முடியாமல் தட்டி எழுப்பினேன்.

"ஏண்டி, அங்க யாரு நிக்கறா?"

"எங்க?"

"ஆலையில. உன் இடத்துல."

"யாரோ மேஸ்திரி போட்ட ஆளு. யாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அவளே இருந்துட்டா?"

"சட்டம் இருக்குது அண்ணி. நான் போனா அவ இறங்கிடுவா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுபடி மூச்சு சீராக வர ஆரம்பித்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஆலை வாசலுக்குப் போய், சங்கு ஊதுகிற வரைக்கும் நின்று, வெளியே வந்த பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் இடத்தில் நின்றவள் எவள் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை.