எதிர்க்கடைக் கம்ப்யூட்டர் கூப்பிடுகிறது

வந்தவரை உட்காரவைப்பதும், உட்கார்ந்தவரை எழுப்புவதும்தான் பிரவுசிங் சென்டர் தொழில். இரண்டாவதில் நான் கெட்டிக்காரி, முதலாவதில்தான் கோட்டைவிட்டேன். வீட்டு முன்னறையில் மூன்று கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு காதில் குக்கர் விசிலையும் மறு காதில் மோடம் கத்துவதையும் வாங்கிய சகோதரிகளுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

வரவேற்பு

திருவொற்றியூரில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். எங்கள் தெருவில் முதலில் முளைத்தது என்னுடையது. பின்னாலேயே எதிர்வீட்டு வசந்தி ஒன்றைத் திறந்தாள். என்னைப் பார்த்துத்தான் திறந்தாள். நான் சத்தியம் செய்வேன். நான் ராயபுரத்தில் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்தவள். அவளுக்கு இங்கிலீஷ் என்றால் ஏபிசிடி. ஆனால் சாயங்காலமானால் செருப்புகள் அவள் வாசலில்தான் குவிந்தன. என் வேலை, திரைச்சீலை இடுக்கு வழியாக அந்தச் செருப்புகளைப் பார்ப்பது என்றாகிவிட்டது.

படகில் போகிற ஏழுமலை, துபாயில் இருக்கும் தம்பிக்கு மெயில் அனுப்ப என்னிடம்தான் வருவார். அவரும் அந்தப் பக்கம் போனதும் பொறுக்க முடியாமல் கூப்பிட்டுக் கேட்டேன். விஷயம் இதுதான்: ஒவ்வொரு ஆள் மாறும்போதும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது எங்கள் தொழில் வழக்கம். அப்படிப் போடும்போது என்னுடையது, வாங்கின அன்றிலிருந்து வாசிக்கும் அதே சங்கீதத்தை வாசிக்கும். வசந்தியுடையதோ, அவள் குரலிலேயே "வா நைனா, குந்து, இன்னா பாக்கணும்?" என்று கேட்குமாம். ஏழுமலை சொன்னார்: "உன் மிஷினு டொய்ங்குது, அந்த மிஷினு கூப்புடுது. கூப்புடுற வூட்டுக்குத்தானேக்கா போவாங்க?"

கான்வென்ட் குரல்

அவளால் முடிவது என்னால் முடியாதா? கன்ட்ரோல் பேனலைத் திறந்தேன். சவுண்ட்ஸ் என்ற இடத்தில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு சத்தம் என்று வரிசையாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் துவங்க ஒன்று, மூட ஒன்று, தப்பு நடந்தால் ஒன்று, குப்பையைக் கொட்டினால்கூட ஒன்று. மைக்கைப் பிடித்து, சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு பிசகாமல், "குட் மார்னிங். ப்ளீஸ் பி சீட்டட்" என்று பேசி, துவங்கும் இடத்தில் பொருத்தினேன். கேட்க அத்தனை கம்பீரம்.

மறுநாள் முதலில் வந்தது ஹேமா என்ற காலேஜ் பெண். கம்ப்யூட்டர் "குட் மார்னிங்" என்றதுதான் தாமதம், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்று ராகம் போட்டாள். கூட வந்து அடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்த பெண்ணும் எழுந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன். ஹேமா நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு சொன்னாள்: "ஹோம்வொர்க் எடுத்துகினு வராத மாதிரியே பயமா கீது ஆண்ட்டி, நான் அப்பறமா வரேன்." அப்புறமாக எங்கே போனாள் என்பதை அவள் செருப்பு காட்டிக்கொடுத்தது.

சங்கு

சரி, மனிதக் குரலே வேண்டாம். இந்த ஊருக்குப் பழகிய சத்தம் ஒன்றைப் போடுவோம் என்று யோசித்தேன். இங்கே கம்பெனி சங்கு ஊதாமல் பொழுது விடிவதுமில்லை, சாய்வதுமில்லை. டேப் ரிக்கார்டரை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்ச் சங்கைப் பிடித்துவந்து, அதை மைக் முன்னால் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தப்பான இடத்தில் அழுத்தினால் சங்கு ஊதும். வசந்திக்கு இந்த மூளை வருமா என்று மாடிப்படியிலேயே ஒருமுறை பூரித்துக்கொண்டேன்.

எர்ணாவூரிலிருந்து ஒரு தொழிலாளி, மகளுடைய பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தார். எங்கேயோ அழுத்தினார். சங்கு ஊதியது. மனிதர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்தார், சைக்கிளில் ஏறினார், போயேவிட்டார். மகள் பாஸ் என்று திரை காட்டிக்கொண்டே இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. எதிர்வாசலில் வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவர் சொன்னார்: "கம்பெனி கேட்டாண்ட போனப்பறம்தான் மேடம் ஞாபகம் வந்துச்சு, எனக்கு இன்னிக்கு லீவு."

எதிர்க்கடைச் சிரிப்பு

அதற்கப்புறம் ஒரு வாரமாக அவள் கடையிலிருந்து சிரிப்பு. சும்மா சிரிப்பல்ல, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி. "வா நைனா"வுக்கு யார் இப்படிச் சிரிப்பார்கள்? வேறு என்னவோ புதிதாகப் போட்டிருக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போய் நின்றேன். உள்ளே ஏழுமலை உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்றே எதையோ தப்பாக அழுத்தினார். கம்ப்யூட்டர் சீறியது: "கண்ணு எதுக்கு இருக்கு? அதுலயே எழுதியிருக்கே, படிச்சா என்ன? மவுஸை விடுங்க முதல்ல!"

குரல் என்னுடையது. என் உச்சரிப்பு, என் மூச்சு, பின்னணியில் என் குக்கர். கடையே குலுங்கியது. என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். வசந்தி மட்டும் அசரவில்லை: "நான் மைக்ல பேசிக்கினு இருக்கசொல்லோ, நீ அங்கேர்ந்து யாரையோ கத்தினக்கா. அதுவும் கூட வந்து வியுந்துச்சு. அத்த மட்டும் வெட்டி, தப்பு நடக்கிற எடத்துல போட்டேன். இதுக்கோசரமே ஆளுங்க தப்புத் தப்பா அமுக்குறாங்க, நெட்டுகூட பாக்கிறதில்ல."

நேரடி

யோசித்துப் பாருங்கள். அவள் குரல் மேல் பொறாமைப்பட்டால் நியாயம் உண்டு. அவள் கடையில் கூட்டம் சேர்த்துக் கொடுக்கும் என் குரல் மேலேயே பொறாமைப்பட வைத்துவிட்டாளே! நான் வீடு போய்ச் சேருவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். எடுத்துவிட்டாள். பிள்ளை கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினாற்போல எல்லோரும் முழித்தார்கள். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

மறுநாள் சாயங்காலம் என் வாசலில் செருப்புச் சத்தம். ஏழுமலை, கூடவே அவர் படகு ஆட்கள். மூன்று கம்ப்யூட்டரும் நிறைந்து, பெஞ்சும் நிறைந்தது. என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏழுமலை வேண்டுமென்றே தப்பான இடத்தில் அழுத்தினார். சங்கு ஊதியது, யாரும் எழவில்லை. எனக்கு ஏறியதே ஒரு கோபம், அவருடைய கண், காது, கை எதையும் விட்டுவைக்காமல் கேட்டுத் தள்ளினேன். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. ஏழுமலை திருப்தியாகச் சாய்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நான் சொல்லல? மிஷின்ல கேட்டதுக்கும் நேர்ல வாங்குறதுக்கும் எம்மாம் வித்தியாசம் கீது பாரு!"

வரவேற்பு வேண்டியவர்கள் அவளிடமும் திட்டு வேண்டியவர்கள் என்னிடமும் என்று தெரு இரண்டாகப் பிரிந்து, எனக்கும் நாற்காலிகள் நிறைந்துவிட்டன; ஆனாலும் அந்த "வா நைனா"வை நான் முதலில் யோசித்திருக்க வேண்டும்.